கடிகாரம் ஓடுகிறது: சதுரங்க வல்லுநர் எப்படி முடிவெடுக்கிறார்?

மாணவர்களே, முதலில் ஒரு சிறு கணக்கு. எஸ்.பி.எம். கணிதம் முதல் தாளில் 40 கேள்விகள். கொடுக்கப்படும் நேரம் ஒன்றரை மணி. ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் 15 வினாடி கிடைக்கிறது. 2024ஆம் ஆண்டு உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியில், முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 120 நிமிடம் கொடுக்கப்பட்டது. ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக 3 நிமிடம்.

இரண்டு நிலைமைகளும் அவ்வளவு வேறுபட்டவை அல்ல. எல்லா வழிகளையும் முயன்று பார்க்க நேரம் போதாது. ஆனாலும் ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். கடிகாரம் யாருக்காகவும் நிற்காது.

வகுப்பில் சிலர் கேள்வியைப் பார்த்தவுடன் எழுதத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து, "அவன் மூளை வேகமானது, என் மூளை மெதுவானது" என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்த எண்ணம் சரிதானா? இந்தக் கேள்விக்கு விடை தேட மனவியல் ஆய்வாளர்கள் 80 ஆண்டுகளுக்கு மேலாகச் சதுரங்கப் பலகையைப் பயன்படுத்தி வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்ததை இந்த வாரம் படிப்போம்.

செந்தோசாவில் ஒரு நகர்த்தல்

2024 டிசம்பர் 12. நம் அண்டை நாடான சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உலக வெற்றியாளர் போட்டியின் 14ஆவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அப்போதைய உலக வெற்றியாளர், சீனாவின் டிங் லிரென். மறுபக்கம் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ். அதுவரை இருவரும் தலா 6.5 புள்ளிகள். இந்த ஆட்டமும் சமநிலையில் முடிந்தால், மறுநாள் வேக ஆட்டங்கள் மூலம் வெற்றியாளரைத் தீர்மானிக்க வேண்டும்.

பலகையில் மிஞ்சியிருந்த காய்கள் மிகக் குறைவு. இருவரிடமும் ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் இரண்டு சிப்பாய்கள், டிங்கிடம் ஒன்று. கவனமாக ஆடினால் டிங் சமநிலையைக் காப்பாற்றிவிடலாம். 55ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எதிரியின் யானைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். யானைகள் இரண்டும் வெட்டுப்பட்டுப் போனால் காய்கள் குறையும். தற்காத்து ஆடுபவருக்கு அது பெரும்பாலும் நல்லதுதான்.

ஆனால் அன்று அது நல்லதாக அமையவில்லை. டிங்கின் மந்திரி பலகையின் மூலையில் நின்றது. மந்திரி சாய்வாக மட்டுமே நகரும் காய். நடுப்பலகையில் நிற்கும் மந்திரிக்கு நான்கு திசைகளிலும் வழி உண்டு. மூலையில் நிற்கும் மந்திரிக்கோ ஒரே ஒரு சாய்கோடுதான். யானைகள் போனபின் குகேஷ் தம் மந்திரியை அதே சாய்கோட்டில் கொண்டுவந்து வைத்தால், டிங்கின் மந்திரியால் தப்ப முடியாது. மந்திரிகளும் வெட்டுப்படும். அப்புறம் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும். அந்த நிலையில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பதே வெற்றிக்குப் போதும்.

அப்படியேதான் நடந்தது. 58ஆவது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் 7.5 - 6.5 என்ற புள்ளிக் கணக்கில் உலக வெற்றியாளரானார்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தத் தவற்றைக் குகேஷும் முதல் பார்வையில் கவனிக்கவில்லை. வேறொரு நகர்த்தலை ஆடப்போனதாக அவரே பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். கை காய்க்குப் போகும் முன் அவர் இன்னொரு முறை பார்த்தார். அந்த மறுபார்வையில்தான் மூலையில் மாட்டிக்கொண்ட மந்திரி அவர் கண்ணில் பட்டது.

உலகின் மிகச் சிறந்த இரண்டு ஆட்டக்காரர்கள். ஒருவர் பார்க்கத் தவறினார். இன்னொருவர் பார்க்கத் தவறப்போய், தப்பித்தார். இவர்கள் மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

எல்லாவற்றையும் கணக்கிட்டால் என்ன?

"வல்லுநர்கள் நூற்றுக்கணக்கான நகர்த்தல்களை முன்கூட்டியே கணக்கிடுவார்கள்" என்று பலர் நம்புகிறார்கள். இது முடியுமா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆட்டத்தின் நடுவில் ஒருவர் செய்யக்கூடிய நகர்த்தல்கள் ஏறக்குறைய 30 இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் எதிரி தரக்கூடிய பதில்களும் ஏறக்குறைய 30. ஆக, நீங்கள் ஒரு முறையும் எதிரி ஒரு முறையும் ஆடினாலே 30 × 30 = 900 வழிகள். இருவரும் இன்னொரு முறை ஆடினால் 30 × 30 × 30 × 30 = 810,000 வழிகள். ஒரு வழிக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டாலும், உண்ணாமல் உறங்காமல் பார்த்து முடிக்க 225 மணி நேரம் ஆகும். ஒன்பது நாள்களுக்கும் மேல்! கையில் இருப்பதோ மூன்று நிமிடம்.

கணினி இப்படித் தேடும். 1997இல் ஐபிஎம் நிறுவனத்தின் 'டீப் புளூ' கணினி, அன்றைய உலக வெற்றியாளர் கேரி காஸ்பரோவை ஆறு ஆட்டங்கள் கொண்ட தொடரில் 3.5 - 2.5 என்று வென்றது. அந்தக் கணினி ஒரு வினாடியில் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. அப்படிப்பட்ட இயந்திரத்துடன் மோதியும் காஸ்பரோவ் ஓர் ஆட்டத்தில் வென்றார். மூன்று ஆட்டங்களைச் சமன் செய்தார். மனித மூளையால் வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கவே முடியாது. அப்படியானால் காஸ்பரோவ் செய்தது வேறு ஏதோ ஒரு வேலை.

வாய்விட்டு யோசித்த வீரர்கள்

அந்த வேறு வேலை என்ன என்று முதலில் முறையாகத் தேடியவர் நெதர்லாந்தின் ஆட்ரியான் டி குரூட். அவர் மனவியலாளர், நல்ல சதுரங்க ஆட்டக்காரரும்கூட. 1938இல் நெதர்லாந்தில் நடந்த அவ்ரோ போட்டிக்கு உலகின் தலைசிறந்த வீரர்கள் பலர் வந்திருந்தனர். டி குரூட் அவர்களில் சிலரையும், அவர்களுக்குக் கீழ்நிலையில் இருந்த ஆட்டக்காரர்களையும் தம் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய முறை எளிமையானது. ஆட்டக்காரருக்கு முன்பின் பார்த்திராத ஒரு நிலையைக் காட்டுவார். "உங்கள் மனத்தில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு நகர்த்தலைத் தேர்ந்தெடுங்கள்" என்பார். சொன்னதை எல்லாம் எழுதிக்கொள்வார். 1946இல் அந்த ஆய்வு டச்சு மொழியில் நூலாக வந்தது.

முடிவு பலரை வியக்க வைத்தது. எத்தனை நகர்த்தல்கள் முன்னோக்கிப் பார்த்தார்கள், எத்தனை வழிகளை ஆராய்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், கிராண்ட்மாஸ்டருக்கும் நல்ல கழக ஆட்டக்காரருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. கிராண்ட்மாஸ்டர் தொடக்கத்திலேயே நல்ல நகர்த்தல்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தார். மற்றவரோ தவறான வழிகளில் நேரத்தைச் செலவிட்டார். சில வேளைகளில் சரியான நகர்த்தல் அவர் நினைவுக்கே வரவில்லை.

பிற்காலத்தில் வந்த ஆய்வுகள் இதில் ஒரு திருத்தம் செய்தன. வலிமையான ஆட்டக்காரர் ஓரளவு ஆழமாகவும் விரைவாகவும் கணக்கிடவே செய்கிறார் என்று அவை காட்டின. ஆனாலும் டி குரூட் சொன்ன அடிப்படை அப்படியே நிற்கிறது. எதைக் கணக்கிட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிவதே முதல் படி.

ஐந்து வினாடிச் சோதனை

வல்லுநருக்கு அது எப்படி உடனே தெரிகிறது? அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் 1973இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இந்த சைமன்தான் 1978இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர்.

உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுவில் எடுத்த நிலை. பலகையில் சுமார் 24 காய்கள். அதை ஐந்து வினாடிக்கு மட்டும் காட்டிவிட்டு மறைத்தார்கள். "இப்போது வெற்றுப் பலகையில் அதே நிலையை அடுக்குங்கள்" என்றார்கள். மாஸ்டர் நிலை ஆட்டக்காரர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். நடுத்தர ஆட்டக்காரர் எட்டு. புதியவர் நான்கு.

இதைக் கேட்டவுடன், "மாஸ்டருக்கு நினைவாற்றல் அதிகம்" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? சோதனையின் அடுத்த பகுதி அதை மறுத்துவிட்டது. அதே எண்ணிக்கைக் காய்களை இந்த முறை கண்டபடி பலகையில் இறைத்துக் காட்டினார்கள். எந்த ஆட்டத்திலும் வர முடியாத நிலைகள். இப்போது மாஸ்டரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டார்கள். மூவருமே மூன்று நான்கு காய்களுக்கு மேல் சரியாக வைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அதே மூளை, அதே கண், அதே ஐந்து வினாடி. காய்களின் அமைப்பில் பொருள் இருந்தபோது 16. பொருள் போனதும் மூன்று நான்கு.

ஒரு நல்ல அறிவியல் மாணவர் இங்கே கையை உயர்த்தி, "மூன்று பேரை மட்டும் சோதித்தால் போதுமா?" என்று கேட்பார். சரியான கேள்வி. அதனால்தான் பின்னர் வந்தவர்கள் இன்னும் பலரை வைத்து இதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 1996இல் பெர்னான்ட் கோபேயும் சைமனும் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, இறைத்துவிட்ட காய்களிலும் வல்லுநர் சற்று முன்னே நிற்பது தெரிந்தது. கண்டபடி இறைத்தாலும், இரண்டு மூன்று காய்கள் தற்செயலாகத் தெரிந்த அமைப்பில் விழுந்துவிடும். வல்லுநர் அதையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார். ஆனால் உண்மையான நிலைகளில் தெரியும் பெரிய இடைவெளியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

எழுத்தா, சொல்லா?

இதை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். கீழே உள்ள வரியை மூன்று வினாடி பாருங்கள். பிறகு கையால் மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்.

ளி ம் கூ ள் ட ப க்

கடினமாக இருந்ததா? இப்போது அதே ஏழு எழுத்துகள் வேறு வரிசையில்:

பள்ளிக்கூடம்

மூன்று வினாடி எதற்கு? ஒரு கண்சிமிட்டல் போதும். எழுத்துகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் வரியில் உங்கள் மூளை ஏழு பொருள்களைத் தூக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஒன்றே ஒன்று.

நாம் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைக்கக்கூடிய பொருள்கள் மிகச் சில. 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற மனவியலாளர் அதை ஏறக்குறைய ஏழு என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் நான்கு என்கிறார்கள். இந்த வரம்பு வல்லுநருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் பல சிறு பொருள்களைச் சேர்த்து ஒரே பொருளாகக் கட்டிவிட்டால், அதே இடத்தில் மிகுதியாக ஏந்தலாம். அப்படிக் கட்டப்பட்ட ஒன்றைத் 'தொகுதி' என்று அழைப்போம். தொலைபேசி எண்ணை மூன்று நான்கு இலக்கங்களாகப் பிரித்துச் சொல்கிறோமே, அதுவும் இதே உத்திதான்.

புதியவர் பலகையில் பார்ப்பது ஒரு ராஜா, ஒரு யானை, மூன்று சிப்பாய்கள்: ஐந்து காய்கள். வல்லுநர் பார்ப்பது "கோட்டை கட்டிய ராஜா" என்ற ஒரே தொகுதி. ஒரு மாஸ்டரின் நினைவில் இப்படிப்பட்ட தொகுதிகள் 10,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்று சைமனின் குழு மதிப்பிட்டது. படித்த ஒருவருக்குத் தெரிந்த சொற்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடத்தக்க அளவு அது.

தொகுதியோடு சேர்ந்து இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. "இந்த அமைப்பில் குதிரையை இங்கே கொண்டுவா", "இங்கே ராஜாவின் பின்வரிசை பலவீனம்" என்பதைப் போன்ற குறிப்புகள். வல்லுநர் நல்ல நகர்த்தலை உடனே 'பார்க்கிறார்' என்பதன் பொருள் இதுதான். அவர் கண்முன் தோன்றுவது பல ஆண்டுகள் சேர்த்து வைத்த அனுபவம்.

கண்ணே சொல்லும் சாட்சி

இது வெறும் ஊகம் அல்ல. ஆட்டக்காரரின் கண் எங்கே நிலைக்கிறது என்று கருவி மூலம் பதிவு செய்ய முடியும். 2001இல் இயால் ரெயின்கோல்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், புதியவரின் பார்வை காய்க்குக் காய் தாவியது. வல்லுநரின் பார்வையோ பல வேளைகளில் காய்களுக்கு இடையே இருந்த வெற்றுக் கட்டங்களில் நின்றது. வெற்றிடத்தில் என்ன பார்க்கிறார்? அங்கிருந்தபடியே சுற்றியுள்ள பல காய்களையும், அவற்றுக்கு இடையிலான உறவையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்கிறார். நாம் எழுத்து எழுத்தாகப் படிக்காமல் சொல் சொல்லாகப் படிப்பதைப் போல.

நேரம் குறைந்தால் என்ன குறைகிறது?

சதுரங்கத்தில் நேர நெருக்கடிக்கு ஒரு தனிப் பெயரே உண்டு. 'ட்சைட்நோட்' என்ற ஜெர்மன் சொல்லை உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். நேரத் தட்டுப்பாடு என்று அதற்குப் பொருள். ஆட்டம் முழுவதற்கும் ஒருவருக்குப் பத்து நிமிடமோ அதற்கும் குறைவோ தரப்படும் ஆட்டத்தை 'பிளிட்ஸ்' என்கிறார்கள். அங்கே தொடக்கம் முதல் முடிவு வரை தட்டுப்பாடுதான்.

வல்லமை என்பது அடையாளம் காண்பதில் இருந்தால், நேரம் குறைந்தாலும் வல்லுநர் வல்லுநராகவே இருக்க வேண்டும். 2004இல் புரூஸ் பர்ன்ஸ் பல போட்டிகளின் முடிவுகளை ஆராய்ந்தார். நிதான ஆட்டத்தில் வலியவரே பெரும்பாலும் பிளிட்ஸ் ஆட்டத்திலும் வலியவர் என்று தெரிந்தது. ஆர அமரக் கணக்கிட வழியில்லாத இடத்திலும் ஆட்டக்காரர்களின் வரிசை பெரிதாக மாறவில்லை.

அப்படியானால் நிதானமாகக் கணக்கிடுவது தேவையே இல்லையா? தேவை. 2003இல் கிறிஸ்டோபர் சாப்ரி, எலியட் ஹெர்ஸ்ட் இருவரும் கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டங்களைக் கணினியிடம் கொடுத்துத் தவறுகளை எண்ணினார்கள். அதே வீரர்கள் நிதான ஆட்டங்களைவிட வேக ஆட்டங்களில் அதிகத் தவறு செய்திருந்தார்கள். 2007இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒன்றைக் காட்டினார்கள். நேரம் சுருங்கச் சுருங்க, ஆட்டக்காரரின் தரநிலையை வைத்து யார் வெல்வார் என்று கணிப்பது கடினமாகிறது. யோசிக்கும் நேரமும் வல்லமையின் ஒரு பகுதி என்பதற்கு இது சான்று.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. பழகிய கண் ஓரிரு நல்ல வழிகளை எடுத்துக் கொடுக்கிறது. நிதானமான கணக்கு அவற்றைச் சோதிக்கிறது. நேரம் குறையும்போது முதலாவது அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. அடிபடுவது பெரும்பாலும் சோதிக்கும் வேலைதான்.

பழகிய கண் ஏமாறும் இடம்

சோதிப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? பழகிய கண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. 2008இல் மெரிம் பிலாலிச் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதை அழகாகக் காட்டியது.

வலிமையான ஆட்டக்காரர்களிடம் ஒரு புதிரைக் கொடுத்து, மிகக் குறைந்த நகர்த்தல்களில் வெல்லும் வழியைக் கேட்டார்கள். அந்தப் புதிரில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஐந்து நகர்த்தல்களில் முடியும், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் நன்கு தெரிந்த வழி. இன்னொன்று, மூன்றே நகர்த்தல்களில் முடியும், அவ்வளவாகப் பழக்கமில்லாத வழி. பலருக்கும் பழைய வழி உடனே தெரிந்தது. அதைவிடக் குறுகிய வழி கிடைக்கவில்லை. "வேறு வழி உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று அவர்கள் உண்மையாகவே நம்பிச் சொன்னார்கள். ஆனால் கண்பதிவுக் கருவி வேறு கதை சொன்னது. அவர்கள் பார்வை முதலில் கண்ட வழிக்குரிய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தது.

பழைய வழி பலிக்காதபடி ஒரே ஒரு காயின் இடத்தை மாற்றிய நிலையில், அதே தரத்து ஆட்டக்காரர்கள் குறுகிய வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். திறமை இருந்தது. தெரிந்த விடைதான் தெரியாத விடையை மறைத்தது.

இப்போது செந்தோசாவுக்குத் திரும்புங்கள். குகேஷுக்கும் முதலில் தோன்றியது வேறொரு சாதாரண நகர்த்தல். அவர் அதோடு நின்றிருந்தால் அன்று உலக வெற்றியாளர் ஆகியிருக்க மாட்டார். எதிரி ஆடிய பின் பலகையைப் புதிதாக ஒரு முறை பார்க்கும் வழக்கம் அவரைக் காப்பாற்றியது. டிங் உலக வெற்றியாளராக இருந்தவர். மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே சாய்கோடுதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைச் சரியான கணத்தில் பார்க்காமல் விடுவது யாருக்கும் நேரும்.

எத்தனை மணி நேரம்?

தொகுதிகள் பிறவியிலேயே வருவதில்லை. ஆடியும் படித்தும் சேர்பவை. 2005இல் வெளியான நீல் சார்னஸ் குழுவின் ஆய்வின்படி, கிராண்ட்மாஸ்டர்கள் முதல் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 மணி நேரம் தனியாக உட்கார்ந்து ஆட்டங்களைப் படித்திருந்தார்கள். சும்மா ஆடிக்கொண்டிருந்ததைவிட இந்தத் தனிப்படிப்பே அதிகப் பயன் தந்தது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் ஆகும் என்று நினைக்க வேண்டாம். அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வில், மாஸ்டர் நிலையை அடைய ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்திற்கும் மேல் தேவைப்பட்டது. தொடங்கும் வயது, கற்கும் முறை, இயல்பான திறன் எல்லாம் இதில் சேரும். பயிற்சி மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஆனால் பயிற்சி இல்லாமல் மாஸ்டர் ஆனவர் ஒருவரும் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சதுரங்கத் தொகுதி சதுரங்கத்திற்கே உதவும். காய்களை இறைத்துவிட்டதும் மாஸ்டரின் நினைவு சாதாரணமானது என்பதை நாம் பார்த்தோம். சதுரங்கம் கற்றால் கணிதம் தானாக வந்துவிடாது. கணிதத்திற்குரிய தொகுதிகளைக் கணிதத்தில்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் மேசைக்கு வருவோம்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கேள்வியைப் பார்த்தவுடன் எழுதத் தொடங்கும் நண்பரின் மூளை உங்கள் மூளையைவிட வேகமாக ஓடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் அந்த வகைக் கேள்வியை முன்பே பலமுறை சந்தித்திருக்கலாம். உங்களுக்கு 'ளி ம் கூ' என்று தெரிவது அவருக்குப் 'பள்ளிக்கூடம்' என்று தெரிகிறது. சந்திக்கும் எண்ணிக்கை கூடக் கூட உங்களுக்கும் அப்படித் தெரியும்.

ஆய்வுகளிலிருந்து மூன்று பழக்கங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கற்கும்போது கடிகாரத்தை ஒதுக்கி வையுங்கள். தொகுதி கட்டுவதற்கு நிதானம் வேண்டும். ஒரு கணக்கை முடித்த பிறகு, "இது எந்த வகை? எந்த அடையாளத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கலாம்?" என்று கேளுங்கள். விடைப்பகுதியைத் திருப்பும் முன் நீங்களே முட்டி மோதிப் பாருங்கள். கடிகாரத்தோடு பயிற்சி செய்வது அதற்கு அடுத்த கட்டம்.

இரண்டாவது, நேரத்தைச் சமமாகப் பங்கிடாதீர்கள். சதுரங்க வீரர் எல்லா நகர்த்தலுக்கும் மூன்று நிமிடம் செலவிடுவதில்லை. தெரிந்த தொடக்க நகர்த்தல்களை விரைவாக ஆடிவிட்டு, சிக்கலான இடத்தில் இருபது நிமிடமும் உட்காருவார். தெரிந்த கேள்வியில் மிச்சப்படுத்திய நேரமே தெரியாத கேள்விக்கு முதலீடு.

மூன்றாவது, விடை தோன்றியவுடன் கையை ஒரு கணம் நிறுத்துங்கள். "கேள்வி இதைத்தான் கேட்கிறதா? பழகிய கேள்வியிலிருந்து இது எங்காவது மாறியிருக்கிறதா?" பத்து வினாடி போதும். 40 கேள்விகளுக்கும் சேர்த்தால் ஏழு நிமிடத்திற்கும் குறைவு. செந்தோசாவில் ஒரு பட்டம் அப்படிப்பட்ட ஒரு மறுபார்வையில்தான் கைமாறியது.

செய்து பாருங்கள்

பள்ளிச் சதுரங்கக் கழகத்தில் இந்தச் சோதனையைச் செய்யலாம். தேவையானவை: இரண்டு பலகைகள், காய்கள், ஒரு துணி, ஒரு நிறுத்துக் கடிகாரம்.

1. சதுரங்கப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு நடு ஆட்டப் படத்தைத் தேர்ந்தெடுத்து, 20 காய்கள் உள்ள அந்த நிலையை முதல் பலகையில் அடுக்குங்கள். துணியால் மூடுங்கள்.
2. நண்பருக்கு ஐந்து வினாடி மட்டும் காட்டி மீண்டும் மூடுங்கள். இரண்டாவது பலகையில் அதே நிலையை அவர் அடுக்கட்டும். சரியான காய்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. அதே 20 காய்களைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்து, மறுபடியும் சோதியுங்கள்.
4. கழகத்தில் நன்றாக ஆடுபவர் மூவர், அவ்வளவாக ஆடாதவர் மூவர் என ஆறு பேரிடம் செய்து, முடிவுகளை அட்டவணையில் எழுதுங்கள்.

தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? இந்தச் சோதனையில் தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று எழுதிப் பாருங்கள்.

சிந்தனைக்கு

அ. நேரம் குறைவாக இருக்கும்போது புதியவர், வல்லுநர் இருவரில் யார் அதிகம் பாதிக்கப்படுவார்? ஏன்?

ஆ. தீயணைப்பு வீரர், மருத்துவர், பூப்பந்து வீரர் ஆகியோரும் விரைவாக முடிவெடுக்க வேண்டியவர்கள். அவர்களுடைய 'தொகுதிகள்' எப்படிப்பட்டவையாக இருக்கும்?

இ. தெரிந்த வழி உங்கள் கண்ணை மறைத்த ஓர் அனுபவம் உண்டா? அதை எப்போது உணர்ந்தீர்கள்?